பறக்க இயலாது என்று சொல்லும் உரிமை

2019 ஜூலை 17ஆம் நாள் காலை 6.05 மணிக்கு, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து லிஸ்பனுக்கு ஒரு விமானம் புறப்பட வேண்டியிருந்தது. ‘டாப்’ என்னும் போர்ச்சுகல் நாட்டு நிறுவனத்தின் விமானம் அது. அன்று அதிகாலை 4.15 மணிக்கு, அதன் துணை விமானி, தாம் தங்கியிருந்த விடுதியின் படுக்கையிலேயே இறந்து கிடக்கக் காணப்பட்டார். செய்தி கேட்டு நிலைகுலைந்த ஏனைய பணிக்குழுவினர், தங்களால் அன்று பறக்க இயலாது என்று அறிவித்துவிட்டனர். ஸ்டுட்கார்ட் அந்நிறுவனத்தின் தலைமைத் தளம் அன்று. ஆகையால் அங்கே மாற்றுப் பணியாளர் எவரும் இல்லை. விமானம் ரத்தாயிற்று. காலை 11.25க்கு லிஸ்பனிலிருந்து கிளம்பிய வேறொரு குழு பிற்பகல் 3.20க்கு ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தது. 4.40 மணி விமானத்தில் பயணிகள் அனுப்பிவைக்கப்பட்டனர்.

பயணிகள் சிலரின் சார்பில் இழப்பீடு கேட்கப்பட்டது. எவரும் எதிர்பாராத இறப்பு, எனவே இது அசாதாரணச் சூழல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது நிறுவனம். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2023 மே 11 அன்று வந்த தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக அமைந்தது. ஊழியர் ஒருவர் திடீரென நோயுறுவதும் இறப்பதும் எவ்வளவு துயரமானவையாயினும், விமானத் தொழிலின் இயல்பான நடப்புக்குள் அடங்குபவையே. பணிக்குழுவை அமைப்பதும் பணிநேரங்களை வகுப்பதும் நிறுவனத்தின் வேலை. ஆதலால் இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கை அறிந்தோரிடையே இருவகைக் கருத்துகள் எழக் காண்கிறோம். இறந்தவர் ஒருவர்தானே, மற்றவர்கள் தம் துயரை அடக்கிக்கொண்டு கடமையாற்றியிருக்க வேண்டாமா என்பது ஒன்று. ஒரு மனிதன் இறந்திருக்கிறான், அதற்கும் காசு கேட்கும் பயணிகளும், அதற்குத் துணைபோகும் நீதிமன்றமும் இரக்கமற்றவை அல்லவா என்பது மற்றொன்று. முன்னது கடமையின் பெயரால் பேசுகிறது. பின்னது இரக்கத்தின் பெயரால் பேசுகிறது. இரண்டுமே பிழை என்பதே நம் நிலைப்பாடு. அந்த விமானம் ரத்து செய்யப்பட்டது சரி. அதற்காக இழப்பீடு விதிக்கப்பட்டதும் சரி. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம் முழுமை பெறும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்வோர், ஊழியரையோ பயணியையோ பலியிட்டு நிறுவனத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

முதலில் கடமைவாதிகளுக்கு விடை கூறுவோம். ‘மருத்துவர் ஒரு நோயாளி இறந்தபின் அடுத்த நோயாளியைப் பார்க்கவில்லையா? தீயணைப்பு வீரர் அடுத்த நெருப்புக்கு ஓடவில்லையா?’ என்று அவர்கள் கேட்பதுண்டு. ஓடுகிறார்கள் என்பது உண்மைதான். அப்படி ஓடவைப்பது நியாயமா என்பது தனிக் கேள்வி. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தண்டவாளத்தில் ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தால், அந்த ரயிலின் ஓட்டுநரைப் பணியிலிருந்து விடுவித்து வேறொருவரை அமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. எனவே பிற தொழில்களில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதே முழு உண்மையன்று.

அதனினும் முக்கியமானது வேறொன்று. மருத்துவமனையில் ஒருவருக்குக் கை நடுங்கினால் பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரை அழைக்கலாம். பேருந்து ஓட்டுநர் சாலையோரம் நிறுத்தலாம். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இவை எவையும் இயலா. தரையில் இருக்கும்போது மட்டுமே ‘என்னால் முடியாது’ என்ற சொல்லுக்குப் பயன் உண்டு. கதவு மூடி விமானம் எழுந்துவிட்டால் முடிந்தாலும் முடியாவிட்டாலும் செய்தே தீர வேண்டும். 2024 அக்டோபர் 9 அன்று, அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் சென்ற துருக்கி விமானத்தின் தலைமை விமானி நடுவானில் மயங்கி விழுந்து இறந்தார். உடனிருந்த விமானிகள் அவ்விமானத்தை ஒழுங்காகச் செலுத்தினர். ஆனால் இஸ்தான்புல்லுக்கு அன்று, நியூயார்க்கில் இறக்கினர். வானில் அவர்களுக்கு வேறு வழியில்லை, ஆகவே பறந்தனர். தரை கிடைத்ததும் நிறுத்தினர். இதில் கடமை தவறியது எங்கே? ஸ்டுட்கார்ட் குழுவினர் விடியற்காலையில் தரையில் நின்றுகொண்டே அதே முடிவை எடுத்தனர் என்பதுதான் வேறுபாடு.

விமானத் துறையின் விதிகளே இம்முடிவைக் கோருகின்றன என்பதைக் கடமைவாதிகள் அறிந்திருக்க மாட்டார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு, விமானிகளின் உரிமம் பற்றியது. தம் உடல்நலத் தகுதி குறைந்திருப்பதையும், அதனால் பாதுகாப்பாகப் பணியாற்ற இயலாமற் போகக்கூடும் என்பதையும் ஒருவர் உணர்வாராயின், அந்த நேரத்தில் அவர் தம் உரிமத்தைப் பயன்படுத்தலாகாது என்று அது விதிக்கிறது. கவனியுங்கள்: இது விடுப்புச் சலுகை பற்றிய வாசகம் அன்று, தடை. அமெரிக்க விமானிகள் ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளக் கற்பிக்கப்படும் பட்டியலில் நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு ஆகியவற்றோடு உணர்ச்சிநிலையும் இடம்பெறுகிறது. ஆக, துயரத்தில் உறைந்த நிலையில் ‘நான் பறக்கத் தகுதியுடன் இல்லை’ என்று சொல்பவர் கடமையைச் செய்கிறார். சொல்லாமல் ஏறுபவரே விதியை மீறுகிறார்.

‘சரி, விமானிக்கு இது பொருந்தும், தேநீர் பரிமாறும் பணிப்பெண்ணுக்கு என்ன?’ என்று கேட்பவர்களும் உள்ளனர். பயணிகள் அறைப் பணியாளர் விமானத்தில் இருப்பது தேநீருக்காக அன்று. ஒரு விமானவகைக்குச் சான்றளிக்கும்போது, வெளியேறும் வழிகளில் பாதி மட்டுமே திறந்த நிலையில், நிறைந்த விமானத்திலுள்ள எல்லாரையும் 90 நொடிகளுக்குள் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்தத் தொண்ணூறு நொடிகளில் கதவைத் திறப்பவர், எந்தப் பக்கம் நெருப்பு என்று சன்னல் வழியே பார்த்து முடிவெடுப்பவர், உறைந்து நிற்கும் பயணியை உரத்த குரலில் விரட்டுபவர் அந்தப் பணியாளரே. அவரே உறைந்து நின்றால்? உணவுத்தட்டு தாமதமாக வரும் என்பதோடு அது முடியுமா?

இவ்விடத்தில் நம் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள விழைகிறோம். புறத்திணை இலக்கணம் ‘கையறுநிலை’ என்றொரு துறையை வகுத்திருக்கிறது. தலைவனை இழந்தோர் செயலற்று நின்று வருந்துவது அதன் பொருள். பாரி இறந்தபின் கபிலர் பாடியவை இதற்குப் புகழ்பெற்ற சான்றுகள். இத்துறையின் பெயரை ஊன்றி நோக்க வேண்டும். அழுகையை மட்டும் குறிக்காமல், செயல் அற்றுப்போவதை அது குறிக்கிறது. இழப்பு கண்ணீராக மட்டும் வருவதில்லை, கையை இயங்காமற் செய்துவிடுகிறது என்பதை நம் முன்னோர் கண்டு பெயரிட்டனர். அதைக் கோழைமை என்று அவர்கள் சொல்லவில்லை. வீரத்தைப் பாடிய அதே புறத்திணையில், போருக்கும் கொடைக்கும் பக்கத்திலேயே அதற்கும் இடம் கொடுத்தனர். ‘துயரத்தை அடக்குவதே ஆண்மை’ என்று இன்று முழங்குவோர் அதை நம் மரபின்மேல் ஏற்றிச் சொல்வதுண்டு. அம்மரபைக் கற்பிக்கும் நாம் அதை ஏற்க இயலாது.

அதிர்ச்சியின் இயல்பு பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். உடற்காயத்தின் அளவைக் கொண்டு மனக்காயத்தை அளக்க முடியாது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பெயர்ந்து பறந்தது. பொருத்தப்பட்ட திருகாணிகள் அளவில் தவறானவை. தலைமை விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர் ஒருவர் பாய்ந்து அவரைப் பற்றிக்கொண்டார். பிறகு மற்றவர்கள் மாறிமாறிப் பிடித்திருந்தனர். துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். எல்லாரும் பிழைத்தனர். வெளியே தொங்கிய விமானி ஐந்து மாதங்களுக்குள் மீண்டும் பறக்கத் தொடங்கினார். முதலில் பாய்ந்து பிடித்த பணியாளரும் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் அவரை விடவில்லை. 2001இல் உடல்நலக் காரணத்தால் அவர் பணியிலிருந்து விலக நேர்ந்தது. சாவின் வாய்க்குள் போய் வந்தவர் மீண்டார். அவரைப் பிடித்திருந்தவர் மீளவில்லை. எவர் மீள்வார், எவர் மீளார், எத்தனை நாளில் என்பதைப் பணிநேர அட்டவணை போடும் மேலாளர் நாற்காலியில் அமர்ந்து தீர்மானிக்க முடியுமா?

ஆகவே நேரடியாக ஒரு கொடுமையைக் கண்ட பணிக்குழுவை, அவர்கள் கேட்காமலேயே விடுவித்துவிட வேண்டும் என்று சொல்கிறோம். ‘பறக்க முடியுமா?’ என்று அவர்களிடம் கேட்பதுகூடத் தவறு. அதிர்ச்சியில் உள்ளவர் பெரும்பாலும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றே சொல்வார். உடன் பணிபுரிவோர்முன் தளர்ந்தவராகத் தோன்ற எவரும் விரும்புவதில்லை. மேலும் நம் நாட்டில் விமானப் பணியாளர் ஊதியத்தில் ஒரு பெரும்பகுதி பறந்த மணிநேரத்தைக் கணக்கிட்டுத் தரப்படுவது. பறக்கவில்லையெனில் பணம் இல்லை. வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டிய ஒருவரிடம் இந்நிலையில் ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்வது விருப்பம் ஆகாது.

இனி, தாமே நேரில் காணாமல், தம் நிறுவனத்தில் நிகழ்ந்த பேரிழப்பால் நிலைகுலைவோர் பற்றி. இங்கே இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2015 மார்ச் 24 அன்று, பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃபுக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானம் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேரும் மாண்டனர். அன்றும் மறுநாளும் அந்நிறுவனத்தின் பணியாளர் பலர், தங்களால் பறக்க இயலாது என்று தெரிவித்தனர். சில விமானங்கள் ரத்தாயின. நிறுவனத்தின் தலைமை அதைக் குற்றமாகக் கருதவில்லை. புரிந்துகொள்வதாக வெளிப்படையாகவே கூறியது. வேறு நிறுவனங்கள் தம் விமானங்களையும் பணியாளரையும் தந்து உதவின. பெரும்பாலான பயணிகள் ஊர்போய்ச் சேர்ந்தனர். அதாவது, போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள், துயரக் காலத்தில் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்க இயலும் என்பது செயலில் காட்டப்பட்டது.

2025 ஜூன் 12 அன்று, அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் எழுந்த சில நொடிகளிலேயே மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் தவிர 241 பேரும், தரையில் 19 பேரும் மாண்டனர். மாண்டவர்களுள் விமானிகள் இருவர், பணியாளர் பத்துப் பேர். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, அந்நிறுவனத்தின் விமானிகள் 112 பேர் உடல்நலமில்லை என்று தெரிவித்தனர். தலைமை விமானிகள் 51 பேர், துணை விமானிகள் 61 பேர். இந்த எண்கள் ஜூலை மாதத்தில் மக்களவையில் அமைச்சர் அளித்த எழுத்துவடிவ விடையில் உள்ளவை. மருத்துவ விடுப்பில் ‘சிறிய உயர்வு’ ஏற்பட்டதாக நிறுவனம் தெரிவித்தது என்றும் அவ்விடை கூறிற்று.

‘சிறிய உயர்வு’ என்ற சொற்களைப் பலமுறை படித்தோம். அந்த 112 பேரின் உள்ளத்திலும் என்ன இருந்தது என்று நாம் அறியமாட்டோம். எல்லாரும் துயரத்தால்தான் விடுப்பு எடுத்தனர் என்று சாதிக்கவும் மாட்டோம். நம் குறை வேறு. ஜெர்மனியில் ‘எங்கள் தோழர்கள் இறந்துவிட்டார்கள், எங்களால் பறக்க முடியவில்லை’ என்று சொல்ல முடிந்தது. இங்கே அப்படிச் சொல்வதற்குப் படிவத்தில் இடமில்லை. ‘உடல்நலமில்லை’ என்று எழுத வேண்டும். துயரம் காய்ச்சலின் வேடத்தில்தான் உள்ளே வர முடியும். பிறகு அதை எண்ணிக்கையாக்கி, உயர்வு சிறிதா பெரிதா என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் விமானப் பணியாளர், பறப்பதற்கு முன் 12 மணிநேரத்துக்குள் மது அருந்தலாகாது. குழாயில் ஊதிக்காட்டியபின்னரே பணி. மிக நல்ல விதி. ஆனால் முந்தாநாள் தம் தோழர்களை இழந்த ஒருவரிடம் ‘உங்களுக்கு உறக்கம் வந்ததா?’ என்று கேட்கும் விதி எங்கே?

டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், விமானிகளின் மனநலத்தைக் கவனிக்கவும் சக பணியாளரைக் கொண்டே துணைக்குழுக்களை அமைக்கவும் 2023 பிப்ரவரியில் சுற்றறிக்கை அனுப்பியது. இதையும் அமைச்சரின் விடையே குறிப்பிடுகிறது. வரவேற்கிறோம். ஆனால் துணைக்குழு ஆறுதல் சொல்லும். அட்டவணையிலிருந்து பெயரை எடுக்குமா? ஆறுதல் சொல்லி மறுநாள் காலை நாலு மணிக்கு வண்டி அனுப்புவதாயின் அந்த ஆறுதலுக்கு என்ன பொருள்?

இங்கே எதிர்வாதம் ஒன்று வலுவாகவே எழும். ‘இந்தக் கதவைத் திறந்துவிட்டால் எல்லாரும் நுழைவார்கள். 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர் திரளாக உடல்நலமில்லை என்று சொல்லி, ஏராளமான விமானங்கள் ரத்தாகவில்லையா? அது நோயா, வேலைநிறுத்தமா?’ நியாயமான கேள்வி. அது தொழில்தகராறுதான். சுமார் 25 பேரை நிறுவனம் பணிநீக்கம் செய்ததும், தொழிலாளர் ஆணையர்முன் பேச்சு நடந்தபின் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டதும் செய்திகளில் வந்தவை. ஆனால் இதிலிருந்து பெறத்தக்க பாடம் என்ன? வெளிப்படையாகக் குறை சொல்ல வழியில்லாத இடத்தில் எல்லாக் குறைகளும் ‘உடல்நலமில்லை’ என்ற ஒரே வாசல் வழியாக வரும் என்பதுதான். துயரத்துக்குத் தனி வாசல் வைத்தால் நோய் எது, துயரம் எது, போராட்டம் எது என்று நிறுவனமே பிரித்தறியலாம். வாசலை அடைப்பவர்களே குழப்பத்தை வளர்க்கிறார்கள்.

‘முடியாது’ என்று சொல்பவரைத் தண்டிக்கும் தொழிலில் எஞ்சி நிற்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெர்மன்விங்ஸ் விபத்தின் உண்மை இரண்டே நாளில் வெளிவந்தது. துணை விமானி வேண்டுமென்றே விமானத்தை மலைமேல் செலுத்தினார். 2016 மார்ச்சில் பிரான்சின் விசாரணைக் குழு அளித்த இறுதி அறிக்கை, அவர் மனநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்ததையும், பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நிறுவனத்திடம் மறைத்ததையும் விவரித்தது. உரிமம் போய்விடும், வருமானம் போய்விடும் என்ற அச்சம் விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. அவர் செய்த கொடுஞ்செயலுக்கு இது சமாதானம் ஆகாது. அதிர்ச்சியும் துயரமும் வேறு, அவருடைய நோய் வேறு என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். ஆனால் மறைக்கும் பழக்கம் ஒன்றுதான். சிறிய துயரத்தைச் சொன்னாலே கறுப்புப் புள்ளி விழும் என்று கண்டவர், பெரிய நோயை ஒருபோதும் சொல்லமாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் விதி வகுத்து, 2021 பிப்ரவரி முதல் விமானிகளுக்கான துணைத்திட்டத்தை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது இந்தப் பாடத்தின் விளைவே.

இனிப் பயணிகளின் பக்கம். அவர்களை மறந்து பேசுவது நமக்கு உடன்பாடன்று. விமானத்தில் இருப்பவர் எல்லாரும் உல்லாசப் பயணியர் அல்லர். தாயின் இறுதிச் சடங்குக்குச் செல்பவர் இருப்பார். விசா முடிவதற்குள் வளைகுடா நாட்டில் வேலையில் சேர வேண்டியவர் இருப்பார். அறுவை மருத்துவத்துக்கு நாள் குறித்துக்கொண்டவர் இருப்பார். அவர்களுடைய இழப்பும் இழப்புதான். ‘ஒரு மனிதன் இறந்திருக்கும்போது இழப்பீடு கேட்கலாமா?’ என்று அவர்களைப் பார்த்து நாணச் சொல்வோரின் இரக்கம் போலியானது. ஏனெனில் அந்த இரக்கத்தின் செலவைப் பயணி ஏற்க வேண்டும் என்கிறார்கள். நிறுவனம் ஏற்க வேண்டும் என்று சொல்வதில்லை.

லக்சம்பர்க் நீதிமன்றம் இதைத்தான் அறுத்துச் சொன்னது. பணியாளர் வராமற் போனதற்கான மருத்துவக் காரணம் எதுவாயினும், அவர் வராமற் போகக்கூடும் என்பதை எதிர்பார்த்து ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு என்றது. மனிதரை வைத்துத் தொழில் நடத்துவோர், மனிதர் நோயுறுவர், இறப்பர், துயருறுவர் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். எரிபொருளுக்குக் கையிருப்பு வைக்கிறார்கள். உதிரி உறுப்புகளுக்குக் கையிருப்பு வைக்கிறார்கள். ஆட்களுக்கு மட்டும் கையிருப்பு வைப்பது வீண்செலவு என்கிறார்கள்.

கையிருப்பு இல்லாத நிறுவனம் எப்படி நிலைகுலையும் என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே கண்டது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதி முன்னரே அறிவிக்கப்பட்டது. இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த விதி நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றுக்கு ஏற்ப ஆள்வலுவைத் திட்டமிடாத இண்டிகோ, டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அங்கே யாரும் இறக்கவில்லை, யாரும் அதிர்ச்சியுறவில்லை. விமானிகள் சற்றுக் கூடுதலாக உறங்க வேண்டும் என்றதற்கே அந்நிலை. இப்படி இறுக்கிக் கட்டப்பட்ட அட்டவணையில் ஒருவர் அழுவதற்கு இடம் எப்படி இருக்கும்? ‘பணியாளரின் துயரத்தால் பயணிகள் தவிக்கலாமா?’ என்று கேட்போர், பயணிகளைத் தவிக்கவிடும் உண்மைக் காரணத்தை இங்கே தேட வேண்டும்.

இன்னும் ஒரு வாதம் உண்டு. நாம் எதிர்கொண்டவற்றுள் கூர்மையானது அதுவே. ‘இழப்பீடு கட்டாயம் என்றால், அதைத் தவிர்ப்பதற்காகவே நிறுவனம் அதிர்ச்சியுற்ற பணியாளரை மிரட்டிப் பறக்கவைக்கும். நீங்கள் பயணிக்குக் கொடுப்பது ஊழியரின் கழுத்தில் கத்தியாக விழும்.’ இதை எளிதாகத் தள்ள முடியாது. ஸ்டுட்கார்ட் வழக்கில் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட கேள்வி துணை விமானியின் இறப்பைப் பற்றியது. அதிர்ச்சியுற்ற மற்றவர்களின் உரிமையைப் பற்றியது அன்று. ஆகவே தீர்ப்பு பாதி வேலையைத்தான் செய்தது. மறுபாதியைச் சட்டம் செய்ய வேண்டும். பறக்க இயலாது என்று பணியாளர் ஒருவர் சொன்னால் அன்றைய நாளுக்கு அச்சொல்லே இறுதி. அதைக் கேள்வி கேட்கவோ, ஊதியம் பிடிக்கவோ, பதவி உயர்வில் காட்டவோ கூடாது என்று விதி வேண்டும். இந்த இரண்டு கதவுகளையும் அடைத்தால், நிறுவனத்துக்கு ஒரே வழிதான் மிஞ்சும்: போதிய ஆட்களை வைத்துக்கொள்வது. நாம் விரும்புவதும் அதுவே.

எனவே நாம் கேட்பவை இவை. விபத்தையோ, இறப்பையோ, வன்முறையையோ நேரில் கண்ட குழு, கேட்காமலேயே பணியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். பறந்திருந்தால் கிடைத்திருக்கும் ஊதியம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தோழரை இழந்த துயரத்தால் பறக்க இயலாது என்பவர், அதைத் துயரம் என்றே சொல்லி விலக இடம் வேண்டும். தகுதியான மாற்றுக்குழு கிடைத்தால் விமானம் செல்லட்டும். கிடைக்காவிட்டால் தயங்காமல் ரத்து செய்யட்டும். நம் நாட்டு விதியில் ரத்துக்கான இழப்பீடு பயண நேரத்தைப் பொறுத்து 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் என்றால் அதுவும் இல்லை. பணியாளரின் நோயும் இறப்பும் துயரமும் அந்த விலக்கில் அடங்கா என்று டி.ஜி.சி.ஏ. தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

ஒரு பெரும் விபத்துக்குப்பின் நிறுவனம் முழுவதும் ஒருநாள் நின்றுபோக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பறப்பதிலேயே ஆறுதல் காணும் பணியாளரும் உண்டு; அவர்கள்மேல் துக்கத்தைத் திணிப்பதும் வன்முறைதான். ஒவ்வொருவருடைய சொல்லும் அவரவர்க்கு இறுதியாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இறுதியாக ஒன்று. ரத்துக்கான காரணத்தைப் பயணியிடம் மறைக்கலாகாது. ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற இரண்டு சொற்களைத் திரையில் ஓடவிட்டு மணிக்கணக்கில் மக்களை உட்காரவைப்பது நம் விமான நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சொற்களைக் கண்டு எவருக்கும் இரக்கம் வராது; சினம்தான் வரும், அச்சினமும் முகப்பில் நிற்கும் கடைநிலை ஊழியர்மேல் பாயும். ‘எங்கள் விமானி ஒருவர் இன்று காலை இறந்துவிட்டார், உடனிருந்தோர் பறக்கும் நிலையில் இல்லை, உங்களுக்கு உணவும் தங்கும் இடமும் மாற்றுப் பயணமும் உரிய தொகையும் தருகிறோம்’ என்று ஒருவர் எழுந்து நின்று சொல்லட்டும். பயணிகளில் சிலர் அப்போதும் கத்தக்கூடும். பலர் கத்தமாட்டார்கள் என்று நம்புகிறோம். சாவு வீட்டின் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடக்கத் தெரியாத சமூகம் அன்று நம்முடையது. மாறுபட்ட கருத்துடையோர் எழுதட்டும். விடை கூறக் காத்திருக்கிறோம்.